நுண்ணோக்கியும் செல் கோட்பாடும்

வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாத சிறு பொருள்களைப் பெரிதாக்கி, அவற்றின் உள்ளமைப்பைத் தெளிவாகக் காட்டும் கருவி நுண்ணோக்கி. மைக்ராஸ்கோப் என்ற பெயரும் பரவலாக வழங்குகிறது. உயிரினங்கள் யாவும் செல்களால் ஆனவை, செல்லே உயிரின் அடிப்படை அலகு, ஒரு செல் இன்னொரு செல்லிலிருந்தே தோன்றுகிறது என்ற மூன்று கூற்றுகள் அடங்கியது செல் கோட்பாடு. அது இந்தக் கருவியால் பிறந்தது, இதன் குறைகளால் தடுமாறியது, கருவி திருந்தத் திருந்தத் தானும் திருந்தியது. கார்க்கில் ‘செல்’ கண்ணில் பட்ட ஆண்டு 1665. மருத்துவ உலகின் முன் அந்தக் கோட்பாடு முழு வடிவில் வைக்கப்பட்டது 1858-இல். இந்த வரலாற்றின் சில பகுதிகள் திருவள்ளூர் மாவட்டத்து மண்ணோடும் தொடர்புடையவை. பழவேற்காட்டு டச்சு வணிகம், மதுரவாயல் தாவரவியல் ஆய்வுக்கூடம், சுற்றுவட்டக் கிராமங்களில் நடந்த காசநோய் ஆய்வுகள், கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் உருக்கு ஆய்வகங்கள் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

கருவி இயங்கும் முறை

ஒரு பொருளைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுவந்தால் அது பெரிதாகத் தெரியும். ஆனால் சுமார் 25 சென்டிமீட்டருக்கும் நெருங்கினால் பெரும்பாலோரின் கண்ணால் வசதியாகக் குவிக்க முடிவதில்லை. அந்தத் தொலைவில் நல்ல பார்வையுள்ள ஒருவரால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள புள்ளியைப் பிரித்தறிய முடியும். மனித உடலின் பெரும்பாலான செல்கள் அதைவிடப் பல மடங்கு சிறியவை. இரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு ஏழு, எட்டு மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கூட்டு நுண்ணோக்கியில் இரண்டு லென்சு அமைப்புகள் உண்டு. பொருளுக்கு அருகில் உள்ள பொருளருகு லென்சு, குழாயின் உள்ளே பொருளின் பெரிய, தலைகீழான மெய்ப்பிம்பம் ஒன்றை உருவாக்குகிறது. அந்தப் பிம்பத்தைக் கண்ணருகு லென்சு மேலும் பெரிதாக்கிக் காட்டுகிறது. நூறு மடங்கு பொருளருகு லென்சோடு பத்து மடங்கு கண்ணருகு லென்சு சேர்ந்தால் மொத்தம் ஆயிரம் மடங்கு. பிம்பம் தலைகீழாக இருப்பதால், ஸ்லைடை இடப்பக்கம் நகர்த்தினால் காட்சி வலப்பக்கம் நகரும். பள்ளி ஆய்வகத்தில் முதன்முதலாக நுண்ணோக்கியைத் தொடும் மாணவர் திகைப்பது இங்கேதான்.

பெரிதாக்குவது எளிது. லென்சுகளை அடுக்கிக்கொண்டே போனால் பிம்பம் எத்தனை மடங்கும் பெரிதாகும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் புதிய விவரம் எதுவும் தெரியாது, மங்கல் மட்டுமே பெரிதாகும். நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்டும் ஆற்றலே நுண்ணோக்கியின் உண்மையான தகுதி. இதைப் பகுதிறன் என்பர். ஒளி அலையாகச் செல்வதால், சிறு திறப்பைக் கடக்கும்போது அது விளிம்பில் வளைந்து பரவுகிறது. ஆகவே ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக இல்லாமல் சிறு வட்டாகவே விழுகிறது. இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டால் எந்த லென்சாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. ஜெர்மனியின் ஜெனா நகரில் ஏர்ன்ஸ்ட் அபே 1873-இல் இந்த எல்லையை வகுத்தார். பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி, ஒளியின் அலைநீளத்தை லென்சின் எண்திறப்பின் இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பதாகும். எண்திறப்பு என்பது, பொருளிலிருந்து எவ்வளவு அகன்ற கோணத்தில் விரியும் ஒளியை லென்சு வாங்கிக்கொள்கிறது என்பதைக் காட்டும் அளவு. பச்சை ஒளியில், எண்திறப்பு 1.4 உள்ள மிகச் சிறந்த லென்சுக்கும் இந்த எல்லை சுமார் 0.2 மைக்ரான்.

எண்திறப்பைக் கூட்ட எண்ணெய் உதவுகிறது. கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் நுழையும் சாய்ந்த கதிர்கள் விலகிச் சிதறிப் போகின்றன. ஸ்லைடுக்கும் லென்சுக்கும் இடையே, கண்ணாடிக்கு நிகரான ஒளிவிலகல் எண் உள்ள எண்ணெயை ஒரு சொட்டு விட்டால், அந்தக் கதிர்களும் நேரே லென்சுக்குள் போய்ச் சேரும். நூறு மடங்கு லென்சின் மேல் ‘ஆயில்’ என்று பொறித்திருப்பதன் காரணம் இதுவே.

பகுதிறன் மட்டும் போதாது. வேறுபாடும் தெரிய வேண்டும். உயிருள்ள செல்லில் பெரும்பகுதி நீர். ஒளி அதனுள் தடையின்றிப் புகுந்து வெளியேறிவிடுவதால் செல்லின் உறுப்புகள் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. ஆகவே சாயம் ஏற்ற வேண்டும், அல்லது ஒளியையே வேறு விதமாகக் கையாள வேண்டும். நுண்ணோக்கியின் வரலாற்றில் பாதி லென்சு செய்தவர்களின் வரலாறு என்றால், மீதிப் பாதி சாயம் காய்ச்சியவர்களின் வரலாறு.

பழவேற்காடும் டெல்ஃப்ட்டும்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் கால் பதித்தது. 1613-இல் அங்கு கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. தலைமையிடம் 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் நிர்வாக மையம் பழவேற்காடே. நெசவுத் துணிகளே இங்கிருந்து போன முதன்மையான சரக்கு. அந்தக் கம்பெனியின் ஆறு கிளைகளுள் ஒன்று ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் இருந்தது. அதே நகரில், 1632-இல் பிறந்த ஆண்டனி வான் லீவன்ஹூக் துணிக்கடை நடத்திவந்தார். நூலின் நெருக்கத்தையும் தரத்தையும் உருப்பெருக்கியால் சோதிப்பது துணி வணிகர்களின் அன்றாட வழக்கம். பழவேற்காட்டுத் துணி அவருடைய கடைக்குப் போனது என்று சொல்வதற்கில்லை. ஆனால் கீழ்த்திசைச் சரக்குகளால் செழித்த வணிக உலகத்தில் வாழ்ந்தவர் அவர் என்பதில் ஐயமில்லை.

லீவன்ஹூக்கின் கருவி கூட்டு நுண்ணோக்கி அன்று. இரண்டு சிறிய உலோகத் தகடுகளுக்கு இடையே பதித்த ஒரே ஒரு குட்டி லென்சு. பொருளை ஊசி முனையில் ஒட்டி, திருகுகளால் நகர்த்தி, தகட்டைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். லென்சு சிறுக்கச் சிறுக்க உருப்பெருக்கம் கூடும். எஞ்சியிருக்கும் அவருடைய லென்சுகளுள் மிகச் சிறந்தது 260 மடங்குக்கும் கூடுதலாகப் பெரிதாக்குகிறது. அன்றைய கூட்டு நுண்ணோக்கிகள் எதுவும் தெளிவில் அதை நெருங்கவில்லை.

1674-இல் அவர் ஏரி நீரில் நுண்ணுயிர்களைக் கண்டார். 1676-இல் மிளகு ஏன் உறைக்கிறது என்று அறிய விரும்பினார். மிளகில் நாக்கைக் குத்தும் நுண்ணிய முட்கள் இருக்கக்கூடும் என்பது அவருடைய ஊகம். மிளகை நீரில் சில வாரம் ஊறவைத்து ஒரு சொட்டை எடுத்துப் பார்த்தபோது முட்கள் எதுவும் அகப்படவில்லை. அதற்குப் பதிலாக எண்ணிலடங்காத சிற்றுயிர்கள் நீந்தின. அவற்றுள் மிகச் சிறியவை பாக்டீரியாக்கள் என்றே இன்று கருதப்படுகின்றன. இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதிய இந்தச் செய்தியை முதலில் யாரும் எளிதில் நம்பவில்லை. 1677 நவம்பரில் ராபர்ட் ஹூக் தாமே மிளகு நீர் ஊறவைத்துப் பார்த்து, உறுப்பினர்கள் முன்னிலையில் அதை உறுதிசெய்தார்.

அதே ஹூக்தான் 1665-இல் வெளியிட்ட ‘மைக்ரோகிராஃபியா’ என்ற நூலில், கார்க்கை மெல்லியதாகச் சீவிப் பார்த்து அதிலுள்ள சிற்றறைகளுக்குச் செல் என்று பெயரிட்டவர். ஒரு கன அங்குலக் கார்க்கில் நூற்றிருபது கோடிக்கும் மேற்பட்ட அறைகள் இருக்கும் என்று கணக்கும் போட்டார். அவர் கண்டவை இறந்த திசுவின் வெற்றுச் சுவர்கள். உள்ளே ஒரு காலத்தில் உயிர்ப்பொருள் இருந்தது என்றோ, விலங்குகளுக்கும் இத்தகைய அறைகள் உண்டு என்றோ அவர் நினைக்கவில்லை. பெயர் வந்துவிட்டது, பொருள் வந்து சேர மேலும் நூற்றெழுபது ஆண்டுகள் ஆயின.

தாமதத்தின் காரணம்

இந்த இடைவெளிக்குச் சோம்பலோ ஆர்வக்குறைவோ காரணம் அன்று. சாதாரண லென்சு, வெள்ளொளியின் நீலப் பகுதியை ஓரிடத்திலும் சிவப்பை வேறோரிடத்திலும் குவிக்கிறது. பிம்பத்தின் விளிம்புகளில் வானவில் நிறங்கள் படியும். இரண்டு லென்சுகள் சேரும்போது இந்த நிறப்பிறழ்ச்சி பெருகுகிறது. 18ஆம் நூற்றாண்டு நெடுகிலும் பார்வையாளர்கள் கண்ட குமிழிகளும் மணிகளும் பல நேரங்களில் லென்சின் குறையால் தோன்றியவையே. தேர்ந்த மருத்துவர் சிலர் நுண்ணோக்கியையே நம்பாமல் ஒதுக்கியது இதனால்தான். அந்த அவநம்பிக்கை அன்றைய நிலையில் நியாயமானது.

இரு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து நிறப்பிறழ்ச்சியை நீக்கும் முறை முதலில் தொலைநோக்கிக்குப் பயன்பட்டது. ஜான் டாலண்ட் 1758-இல் அதற்கு உரிமம் பெற்றார். நுண்ணோக்கியின் குட்டி லென்சுகளுக்கு அதைப் பொருத்துவது கடினமாகவே இருந்தது. இலண்டனில் மது வணிகம் செய்துவந்த ஜோசப் ஜாக்சன் லிஸ்டர், பல லென்சுகளைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அமைத்தால் ஒன்றின் பிழையை இன்னொன்று ஈடுசெய்யும் என்று 1830-இல் நிறுவினார். அறுவை மருத்துவத்தில் கிருமிநீக்கத்தைப் புகுத்திய ஜோசப் லிஸ்டரின் தந்தை இவர். அடுத்த பத்தே ஆண்டுகளில் செல் கோட்பாடு உருவெடுத்தது தற்செயல் அன்று.

செல் கோட்பாடு உருவான கதை

ஆர்க்கிடுகளின் செல்கள் ஒவ்வொன்றிலும் வட்டமான ஒரு பொருள் இருப்பதை ராபர்ட் பிரவுன் கவனித்து, 1831-இல் அதற்கு உட்கரு என்ற தகுதியைத் தந்தார். தாவரவியலாளர் மத்தியாஸ் ஷ்லைடன் 1838-இல், தாவரங்களின் எல்லாப் பகுதிகளும் செல்களால் ஆனவை என்றும் உட்கருவே செல்லின் தோற்றுவாய் என்றும் எழுதினார். அதற்குச் சற்று முன் பெர்லினில் உணவு மேசையில் அவர் உட்கருவைப் பற்றிப் பேசியபோது, எதிரில் இருந்த தியோடர் ஷ்வானுக்கு விலங்குகளின் முதுகுநாண் திசுவில் தாம் கண்ட அதே வடிவம் நினைவுக்கு வந்தது. ஷ்வான் 1839-இல் வெளியிட்ட நூல் குருத்தெலும்பு, தசை, நரம்பு, நகம், இறகு என்று விலங்குத் திசுக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, எல்லாம் செல்களிலிருந்தே உருவாகின்றன என்று காட்டியது. ஆலமரத்துக்கும் அதன் அடியில் நிற்கும் மாட்டுக்கும் ஒரே அடிப்படை அமைப்பு என்ற எண்ணம் அறிவியலில் நிலைபெற்றது அப்போதுதான்.

ஆனால் செல் எப்படி உண்டாகிறது என்ற கேள்வியில் இருவருமே தவறினர். செல்களுக்கு இடையிலோ உள்ளிலோ உள்ள ஒரு பாகுநிலைத் திரவத்தில் முதலில் சிறு மணி தோன்றுகிறது, அதைச் சுற்றிப் பொருள் படிந்து உட்கருவாகிறது, உட்கருவைச் சுற்றி மீண்டும் படிந்து செல்லாகிறது என்பது அவர்கள் வைத்த விளக்கம். கரைசலில் படிகம் வளர்வதோடு ஷ்வான் இதை வெளிப்படையாகவே ஒப்பிட்டார். உயிருக்கு மட்டும் தனியொரு மறை ஆற்றலைக் கற்பிக்காமல், இயற்பியல் விதிகளாலேயே அதை விளக்க முனைந்த நேர்மையான முயற்சி அது. தவறு என்றாலும் பயனுள்ள தவறு, ஏனெனில் அதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது.

சோதித்தவர்களுள் முதன்மையானவர் ராபர்ட் ரெமாக். கோழிக் கருவின் குருதிச் செல்கள் இரண்டாகப் பிரிவதை 1840-களின் தொடக்கத்திலேயே கண்டவர். பத்தாண்டு உழைப்புக்குப் பின் 1852-இல், செல்கள் பிரிவதன் மூலமே பெருகுகின்றன, திரவத்திலிருந்து தானாகத் தோன்றுவதில்லை என்று அறுதியிட்டார். யூதரான அவர் மதம் மாற மறுத்ததால் பெர்லின் பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. அதே கருத்தை ருடால்ஃப் விர்ச்சோ 1855-இல் எழுதி, 1858-இல் வெளியான ‘செல் நோயியல்’ விரிவுரைகளில் மருத்துவத்தின் அடித்தளமாக்கினார். நோய் என்பது உடலின் நீர்மங்கள் கெடுவதால் வருவதன்று, செல்களின் மாற்றம் என்று அவர் வாதிட்டார். ஒவ்வொரு செல்லும் முந்தைய செல்லிலிருந்தே என்ற வாய்பாடு அவர் பெயராலேயே நிலைத்தது. ரெமாக்கின் பங்குக்கு உரிய மதிப்பு அதில் தரப்படவில்லை.

பிரிவு எப்படி நடக்கிறது என்பதைக் காட்டச் சாயங்கள் வந்தன. வில்லியம் பெர்கின் 1856-இல் முதல் அனிலின் சாயத்தைக் கண்டுபிடித்த பின் ஐரோப்பாவில் செயற்கைச் சாயத் தொழில் வளர்ந்தது. துணிக்கென்று செய்த ஃபூக்ஸின், மெத்திலீன் நீலம் போன்றவை செல்லின் சில பகுதிகளை மட்டும் பற்றிக்கொள்வதை ஆய்வாளர்கள் கண்டனர். வால்ட்டர் ஃபிளெம்மிங் சாலமாண்டர் இளவுயிரிகளின் செல்களுக்குச் சாயமேற்றி, உட்கருவில் உள்ள இழைகள் நெடுக்குவாட்டில் பிளந்து இரு பக்கமும் சரிசமமாகப் பிரிந்து போவதை 1882-இல் விரிவாக வெளியிட்டார். அந்த இழைகளுக்கு 1888-இல் குரோமோசோம் என்ற பெயர் வந்தது. நரம்பு மண்டலம் மட்டும் தனித்தனிச் செல்களால் ஆகாமல் ஒரே வலைப்பின்னலாக இருப்பதாக காமில்லோ கோல்கி வாதிட்டார். கோல்கியின் சாயமுறையையே பயன்படுத்தி, நரம்புகளும் தனிச் செல்களே என்று சான்டியாகோ ராமோன் இ கஹால் காட்டினார். 1906-இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

சென்னையும் மதுரவாயலும்

தமிழகத்தில் பாசிகளின் ஆய்வுக்கு வித்திட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தை நடத்திய எம்.ஓ.பி. ஐயங்கார். கோயில் குளம், வயல் வரப்பு, மழைக்குட்டை என எங்கெங்கும் நீரெடுத்துவந்து பாசிகளைத் தேடினார். லீவன்ஹூக் 1700-இல் முதன்முதலாகக் கண்ட வால்வாக்ஸ் என்ற பச்சை உருண்டையின் தென்னிந்திய வகைகளை அவர் விவரித்தார். ஈர மண்ணில் வளரும் ஃப்ரிட்ஷியெல்லா என்ற பாசியை 1932-இல் அறிவித்தார். மண்ணுக்குள் ஒரு பகுதியும் மேலே ஒரு பகுதியுமாக வளரும் இந்த எளிய உயிர், நீர்வாழ் பாசி நிலத்தாவரமாக மாறியது எப்படி என்ற விவாதங்களில் இன்றும் இடம்பெறுகிறது. வால்வாக்ஸும் கோட்பாட்டுக்கு முக்கியமானது. நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான செல்கள் கூடி ஒரே உயிர்போல் நீந்தும் அதில், தனிச் செல் எங்கே முடிகிறது, பல செல் உயிரி எங்கே தொடங்குகிறது என்பதே கேள்வி.

குரோமோசோம் ஆய்வில் உலகப் புகழ் பெற்ற இ.கே. ஜானகி அம்மாள், கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் கலப்பினங்களை ஆராய்ந்தவர். சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்டார். 1970 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் பணியாற்றி, அதன் மதுரவாயல் கள ஆய்வுக்கூடத்தில் தங்கி, மருந்துச்செடிகள் வளர்த்து 1984-இல் மறையும்வரை ஆய்வு செய்தார். இப்போது சென்னை மாவட்டத்தில் உள்ள மதுரவாயல், 2018-க்கு முன் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது.

குரோமோசோம் எண்ணும் வேலைக்கு வேண்டிய பொருள்கள் மிகக் குறைவு. வேர் நுனியை வெட்டி எடுத்து, ஆல்ககாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் நிலைப்படுத்தி, சாயத்தில் ஊறவைத்து, ஸ்லைடில் வைத்துக் கண்ணாடிச் சில்லால் மூடி, தாளின் மேல் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அழுத்தம் குறைந்தால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். கூடினால் செல் உடைந்து இழைகள் சிதறும். சரியான அழுத்தம் கைப்பழக்கத்தால் மட்டுமே வரும்.

சளி ஸ்லைடும் திருவள்ளூரும்

செல் கோட்பாடு நோயைச் செல்லுக்குள் தேடச் சொன்னது. நோய்க்குக் கிருமிகளே காரணம் என்ற கிருமிக் கோட்பாடு அங்கே புகுந்த அந்நியச் செல்லைத் தேடச் சொன்னது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தார். அபே வடிவமைத்து கார்ல் சைஸ் நிறுவனம் செய்த எண்ணெய் லென்சும் ஒளிக்குவிப்பானும், மெத்திலீன் நீலமும் இல்லாமல் அது முடிந்திருக்காது. அந்தக் கிருமியின் மெழுகுப் பூச்சு சாயத்தை எளிதில் ஏற்காது. ஏற்றபின் அமிலம் ஊற்றினாலும் விடாது. பால் எர்லிக் கண்டுபிடித்த இந்தப் பண்பின் மேல் ஃபிரான்ட்ஸ் சீல், ஃபிரெட்ரிக் நீல்சன் இருவரும் வகுத்த முறையே சீல்-நீல்சன் முறை.

அது இன்றும் அடிப்படையில் மாறவில்லை. சளியில் கெட்டியான பகுதியை எடுத்து ஸ்லைடில் பூசி, உலர்த்தி, சுடர்மேல் காட்டி நிலைப்படுத்துவார்கள். கார்பால் ஃபூக்ஸினை ஊற்றி, ஆவி எழும்வரை அடியில் சூடு காட்டுவார்கள், கொதிக்கவிடக் கூடாது. சில நிமிடம் கழித்துக் கழுவி, 25 சதவீதக் கந்தக அமிலத்தை ஊற்றினால் மற்றவை எல்லாம் நிறமிழக்கும். கடைசியில் மெத்திலீன் நீலம். நுண்ணோக்கியின் அடியில் நீலப் பின்னணியில் சற்றே வளைந்த சிவப்புக் குச்சிகள் தெரியும். அவற்றின் நீளம் ஒன்று முதல் நான்கு மைக்ரான். தடிமனோ ஒளி நுண்ணோக்கியின் எல்லையை ஒட்டியது. நூறு காட்சிப்புலங்களில் ஒன்று முதல் ஒன்பது கிருமி இருந்தால் எண்ணிக்கையையே எழுத வேண்டும்; பத்து முதல் தொண்ணூற்றொன்பது என்றால் 1+; புலத்துக்கு ஒன்று முதல் பத்து என்றால் 2+; பத்துக்கும் மேல் என்றால் 3+. ‘கிருமி இல்லை’ என்று எழுதுவதற்கு நூறு புலங்களையாவது பார்த்தாக வேண்டும். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் இந்த முறையில் அகப்படும். எனவே அவசரப்பட்டுச் சில புலங்களோடு எழுந்துவிட்டால் தப்பிப்போவது நோயாளியின் உயிர்.

இந்தச் சிறு சோதனையைப் பெருந்திரளான மக்களிடம் பயன்படுத்திய ஆய்வுகளில் திருவள்ளூர் வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், பின்னாளில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆனது. வீட்டிலிருந்தே மருந்து உண்ணும் நோயாளிகள், மருத்துவமனையில் தங்கியவர்கள் அளவுக்கே குணமடைகிறார்கள் என்று 1959-இல் அது காட்டியது. சளியில் கிருமி மறைவதே அந்த முடிவின் அளவுகோல். 1968-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இன்றைய திருவள்ளூர் மாவட்டப் பகுதிகளையும் உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கத் தொடங்கியது. சுமார் 2,80,000 பேருக்குத் தடுப்பூசியோ வெற்று மருந்தோ போடப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று வந்த முடிவு உலகெங்கும் கசப்பாக இருந்தது. ஆனால் அதை மறுக்க முடியவில்லை.

1999-இல் திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியில், ஏறக்குறைய 5,80,000 மக்களுக்கு, நேரடிக் கண்காணிப்பில் மருந்து தரும் டாட்ஸ் முறை அறிமுகமானது. நோய் உண்மையிலேயே குறைகிறதா என்று அறிய, பல்லாயிரக்கணக்கானோரிடம் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் செய்யப்பட்டன. 1999-2001 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் 2004-2006இல் நோயின் பரவல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

இப்போது ஆரமின் சாயமும் எல்.இ.டி. ஒளியும் கொண்ட ஒளிர்வு நுண்ணோக்கிகள் பல மையங்களுக்கு வந்துவிட்டன. கறுப்புப் பின்னணியில் கிருமிகள் மஞ்சளாக ஒளிர்வதால் குறைந்த உருப்பெருக்கத்திலேயே பெரிய பரப்பை விரைவாகப் பார்க்கலாம். கிருமியின் மரபுப்பொருளைக் கண்டறியும் சி.பி.நாட் போன்ற கருவிகள் நோயறிதலில் முந்திவிட்டன. எனினும் அவை செத்த கிருமியின் மரபுப்பொருளையும் காட்டிவிடும். அதனால் சிகிச்சையின் போக்கைக் கவனிக்கச் சளி ஸ்லைடு இன்றும் வேண்டியிருக்கிறது.

ஒளிக்கு அப்பால்

அபேயின் எல்லையைத் தாண்ட ஒளியைவிடக் குறைந்த அலைநீளம் தேவைப்பட்டது. ஏர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் க்னோலும் 1931-இல் காந்தச் சுருள்களை லென்சாக வைத்து முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை அமைத்தனர். செல்லின் உள்சவ்வுகள், ரைபோசோம்கள், வைரஸ்கள் அதனால் தெரியவந்தன. பழவேற்காடு ஏரியை ஒட்டிய இறால் பண்ணைகளைப் பாதிக்கும் வெண்புள்ளி நோயில் ஒளி நுண்ணோக்கி, எலக்ட்ரான் நுண்ணோக்கி என்ற இரு படிநிலைகளையும் சேர்த்துக் காணலாம். நோயுற்ற இறாலின் செவுள் திசுவில் உட்கரு வீங்கியிருப்பதைச் சாதாரண நுண்ணோக்கி காட்டும்; வீக்கத்துக்குக் காரணமான வைரஸின் வடிவைக் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். உயிருள்ள செல்லைச் சாயமின்றிக் காணும் கட்ட வேறுபாட்டு முறைக்காக ஃபிரிட்ஸ் செர்னிக் 1953-இலும், ஒளிரும் மூலக்கூறுகளின் உதவியால் அபேயின் எல்லையைக் கடந்ததற்காக ஸ்டெஃபான் ஹெல், எரிக் பெட்சிக், வில்லியம் மோர்னர் ஆகியோர் 2014-இலும் நோபல் பரிசு பெற்றனர்.

உருக்கின் படிகமணிகள்

நுண்ணோக்கி உயிரியலுக்கு மட்டும் உரியதன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இண்டக்‌ஷன் ஃபர்னஸும் ரோலிங் மில்லும் கொண்ட உருக்காலைகள் இயங்குகின்றன. இத்தகைய ஆலைகளின் தர ஆய்வகத்தில் இருப்பது உலோகவியல் நுண்ணோக்கி. உலோகத்தின் ஊடே ஒளி புகாது என்பதால் இதில் ஒளி மேலிருந்து லென்சின் வழியாகவே இறங்கி, பரப்பில் பட்டுத் திரும்புகிறது. இந்த முறைக்கு முன்னோடி, உருக்கு நகரமான ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி. பாறைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்துவந்த அவர், 1863-இல் மெருகிட்ட உருக்கை அமிலத்தால் அரித்துப் பார்த்தார்.

கட்டடங்களுக்கான டி.எம்.டி. கம்பியைச் சோதிக்க, ஒரு துண்டை வெட்டி, எமரி தாள்களில் சொரசொரப்பானதிலிருந்து நைசானதுவரை வரிசையாகத் தேய்ப்பார்கள். தாள் மாறும்போது துண்டைக் கால் சுற்றுத் திருப்பிப் பிடித்தால், முந்தைய தாளின் கீறல்கள் போய்விட்டனவா என்று தெரியும். பிறகு சுழலும் துணியில் அலுமினா தூளால் கண்ணாடிபோல் மெருகேற்றி, ஆல்ககாலில் 2 சதவீதம் நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டாலில் சில நொடி காட்டுவார்கள். கம்பியின் வெட்டுமுகத்தில் கருமையான ஒரு வளையம் எழும். மில்லிலிருந்து வரும் சூடான கம்பியைத் தண்ணீர்ப் பீச்சல் திடீரெனக் குளிரவைத்ததால் மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பாக மாறி, உள்ளிருந்து பரவிய வெப்பத்தால் பதப்பட்ட வெளித்தோல் அது. வளையம் முழுமையாகவும் ஒரே சீராகவும் இருந்தால்தான் கம்பிக்கு வேண்டிய வலிமை வரும். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பீச்சலைப் பார்க்க வேண்டும். நடுப்பகுதியை நுண்ணோக்கியில் வைத்தால் வெளிர்நிற ஃபெரைட்டும் கருநிறப் பெர்லைட்டும் கலந்த படிகமணிகள் தெரியும். ஆலைகளில் இவற்றைக் கிரெய்ன் என்றே சொல்கிறார்கள். கம்பி ஒடியாமல் வளைவது இந்த மென்மையான நடுப்பகுதியால்.

எல்லைக்கோடுகளால் பிரிந்து நெருங்கிக் கிடக்கும் இந்த மணிகள் பார்வைக்குத் தாவரத் திசுவின் செல்களை ஒத்தவை. ஆனால் இவை பிரிந்து பெருகுவதில்லை. உருகிய இரும்பு குளிரும்போது அங்கங்கே நுண்ணிய கருக்கள் தோன்றுகின்றன. அவற்றைச் சுற்றி அணுக்கள் அடுக்கடுக்காகப் படிந்து மணிகள் வளர்கின்றன. பக்கத்து மணியோடு முட்டும் இடத்தில் வளர்ச்சி நின்று எல்லைக்கோடு உண்டாகிறது. திடநிலையில் நிகழும் மாற்றங்களிலும் புது மணிகள் இவ்வாறே கருவிட்டு வளர்கின்றன. 1839-இல் ஷ்வான் செல்லுக்குச் சொன்ன விளக்கம் உயிருக்குப் பொருந்தவில்லை. உருக்குக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. கருக்கள் மிகுந்தால் மணிகள் சிறுக்கும், மணிகள் சிறுத்தால் உருக்கு வலுப்பெறும். மணியின் அளவைக் கண்டு எண் கொடுப்பது உருக்கு ஆய்வகங்களின் வழக்கமான சோதனைகளுள் ஒன்று.